ஊசி பிடித்த கை

மலையாளச் சீமையில், ஸ்ரீவராகத்தில் அந்த அக்கிரகாரம் முழுவதற்கும் அம்மை ஊசி குத்தினார்கள். பிடித்தது விஜயத்தின் கையில் மட்டும்தான்.

குத்தின இடத்தில் கொப்புளம் கிளம்பி, பக்குக் கட்டி உதிர்ந்து, தழும்பு விழுந்தால்தான் மருந்து பிடித்ததாக அர்த்தம். கொப்புளம் வரவில்லை என்றால் குத்தியும் குத்தாத மாதிரிதான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், விஜயத்தின் இடது தோளுக்குக் கீழே ஒரு கொப்புளம், நடுவில் குழிந்து, சுற்றிலும் சிவந்து, டாக்டர்கள் கண்டால் சந்தோஷப்படுகிற லட்சணத்தோடு உட்கார்ந்திருந்தது. தெருவில் மற்றவர்கள் கைகளெல்லாம் புளி போட்டுத் தேய்த்த தாம்பாளம் மாதிரி வழவழவென்று இருந்தன. கைக்குழந்தைகளுக்குக்கூட ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

தெருவுக்கு இதில் பரம திருப்தி. “நம்மளைப் பகவான் ரட்சிச்சுட்டார்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மருந்து பிடிக்காமல் போனதை அனுக்கிரகமாக எண்ணிக் கொண்டாடின தெரு உலகத்தில் வேறு எங்காவது இருந்ததா, தெரியாது.

திருப்தி இல்லாதவர் கல்யாணராமன் ஒருவர்தான். விஜயத்தின் அகத்துக்காரர். சுகாதார இலாகாவில் ஹெல்த் இன்ஸ்பெக்டர். அது எழுபதாம் வருஷம். வடக்கேயிருந்து லாரியோடு வந்த ஒருவனுக்குச் சாலைக் கம்போளம் என்கிற பெரிய கடைத்தெருவில் வைசூரி கண்டு, கம்போளமே கதி கலங்கிக் கிடந்தது. கல்யாணராமன் கம்போளம் முழுக்க ஊசி குத்த வைத்தார். அங்கே நூற்றுக்கு நூறு பிடித்தது. சுமடு தூக்குகிற கூலிக்காரர்களும் மண்டிக்காரர்களும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கொப்புளத்தைக் காட்டினார்கள். சொந்தத் தெருவில் மட்டும் சூனியம். உள்ளூரில் விலை போகாத மாடு என்று ஆபீசில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அவருக்கு இரண்டு நாளாகச் சாதம் இறங்கவில்லை.

மருந்து புதுசு. முன்பெல்லாம் ஐஸில் வைத்த திரவம் வரும். வட்டக் கத்தியைத் தோலில் வைத்துத் திருகுவார்கள். குழந்தைகள் அலறுகிற அலறலில் காக்காய் பறந்துபோகும். இப்போது வந்தது பொடி. கலக்கி, இரண்டு முள்ளு வைத்த சின்ன ஊசியில் தொட்டு, பொடுபொடுவென்று குத்தினால் முடிந்தது. ஆனால் புதுசு என்றாலே தெருவுக்குச் சந்தேகம். இந்தப் பொடி கன்றுக்குட்டியின் உடம்பிலிருந்து எடுப்பதாக யாரோ பேப்பரில் படித்துவிட்டார்கள். அவ்வளவுதான். ரெண்டு நாள் பஜனை மடத்தில் வேறு பேச்சே இல்லை. கடைசியில் தாணு சாஸ்திரிகள்தான் தீர்த்து வைத்தார்.

“பஞ்சகவ்யம் சாப்பிடறோம், சாணியாலே மெழுகறோம். பசு சம்பந்தம் எப்படிடா அசுத்தமாகும்? பேஷாக் குத்திக்கோங்கோ. குத்தறவா தொடுவாளோல்லியோ, அதுக்கு உடனே ஒரு ஸ்நானம் பண்ணிட்டாத் தீர்ந்தது.”

அப்படியாகத் தெரு பசுவைத் தாண்டியது. சுசீலாபாயைத் தாண்டவில்லை.

சுசீலாபாய் பாறசாலைப் பக்கத்துக்காரி. வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். கொஞ்ச நாள் முன்னால்தான் தற்காலிகமாக ஊசி குத்துகிற வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வெள்ளைப் புடவையும் தோல்பையுமாக அவள் தெருவுக்குள் வந்த அன்றைக்கு எல்லோரும் மரியாதையாகத்தான் கையை நீட்டினார்கள். முன்பே ஆபீசில் குத்திக்கொண்டுவிட்ட கல்யாணராமன் கூடவே நின்றதால் முணுமுணுப்பு இல்லை. அவர் சாலைக் கம்போளத்துக்குக் கிளம்பிப் போன மறுநிமிஷம் அவருடைய அம்மா கோமதியம்மாள் தெருவையே திரட்டிக்கொண்டு குளத்துக்கு இறங்கிவிட்டாள். மடி என்றால் மடிதான். குளித்து, யாரும் தொடாத துணி உடுத்தி, யார் மேலும் படாமல் இருந்தால்தான் அவளுக்கு அடுப்பங்கரை.

விஜயம் அன்று தூரம். மாதத்தில் அந்த மூன்று நாளும் கொல்லை அறையில் தனிப் பாய், தனித் தட்டு. யாரும் தொடமாட்டார்கள், நாலாம் நாள் விடிகாலை தலைக்குக் குளித்து உள்ளே வரும்வரை குளியலும் கிடையாது. அந்த மூன்று நாளும் ஒரு பெண் வீட்டில் இல்லாதவள் மாதிரிதான். அதனால் சுசீலாபாய் வாசலில் நின்று, “இனி ஆராவது பாக்கி உண்டா அம்மா?” என்று கேட்டபோது கோமதியம்மாள், “ஆருமில்லை” என்று சொல்லிவிட்டாள். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. அவள் கணக்கில் நிஜமாகவே ஆருமில்லை.

விஜயம்தான் கொல்லையிலிருந்து குரல் கொடுத்தாள். “இங்கே ஒருத்தி பாக்கி இருக்கேன். சந்து வழியா வரணும்.”

சுசீலாபாய் சந்தைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் வந்தாள். அறைக்கு வெளியே தயங்கி நின்றாள். “தொடலாமா அம்மா?”

“என்னை இப்போ ஆத்துலே யாரும் தொடமாட்டா. உன்னையும் இந்தத் தெருவிலே யாரும் தொடமாட்டா. நாம ரெண்டு பேரும் தொட்டுண்டா யாருக்கு என்ன நஷ்டம்?”

சுசீலாபாய் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவள் விஜயத்தின் தோளைப் பிடித்து ஊசியைத் தொட்டுத் தொட்டுக் குத்தினபோது வலி ஒரு எறும்புக் கடிக்குமேல் இல்லை. ஆனால் இரண்டு நாளாக மனுஷக் கை படாத உடம்பில் அந்தக் கையின் சூடு விஜயத்துக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. அதை அவள் மறக்கவில்லை.

“எனக்க அப்பா சின்னப் பிள்ளையா இருந்தப்போ இந்தத் தெருவுல கால் வைக்க ஒக்காது, வெரட்டிருவாங்க கேட்டீங்களா” என்றாள் சுசீலாபாய், ஊசியைத் தனி டப்பாவில் போட்டுக்கொண்டே. “இன்னைக்கு இந்தத் தெரு முழுக்க எனக்க கையால குத்தினேன்னு போய்ச் சொன்னா, நம்பவே மாட்டாரு.” அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து விஜயத்துக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

அந்தப் பெருமைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

“அந்த சுசீலாபாய் மருந்தைக் காலமே கலக்கி வெயில்லே வச்சிருப்பா. இல்லாட்டா இப்படி ஆகுமோ?” என்றார் கல்யாணராமன், இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு. “இலாகா டாக்டர் வெள்ளிக்கிழமை பஜனை மடத்துக்கு வரார். அவ மேலே சொல்லிட வேண்டியதுதான். தற்காலிகந்தானே, நிறுத்திடுவா.”

ரசம் விட்டுக்கொண்டிருந்த விஜயத்தின் கை நின்றது. “அதே மருந்துதானே எனக்குப் பிடிச்சிருக்கு?”

“தீட்டோட குத்திண்டா பிடிக்காம என்ன செய்யும்?” என்றாள் கோமதியம்மாள் உள்ளேயிருந்து. “கை புண்ணாப் போச்சு. நல்லவேளை, எங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலை.”

அன்று மத்தியானம் விஜயம் தன் ஐந்து வயதுப் பெண் ராஜமணிக்குத் தலை வாரிவிடும்போது குழந்தையின் வழவழத்த கையைத் தடவிப் பார்த்தாள். வண்டியில் காய்கறி கொண்டுவருகிறவனுடைய வீட்டில் முந்தின நாள்தான் வைசூரி கண்டிருந்தது. வீட்டில் காய்ச்சல் என்று அவன் தெருவுக்கு வராமல் போய் நாலு நாள். அதற்கு முன்னால் தினமும் ராஜமணியின் கையில் ஒரு பிஞ்சு வெள்ளரிக்காய் கொடுத்துவிட்டுத்தான் போவான்.

“ஏண்டி, ஊசி குத்தினப்பறம் என்ன பண்ணினே?”

“குளத்துக்குப் போனோம். பாட்டி தேய்ச்சுவிட்டா. தேங்கா நார் வச்சு, மஞ்சப்பொடி போட்டு. எரிஞ்சுது. எல்லா மாமிகளும் தேய்ச்சிண்டா. அந்தக் கை பட்ட இடம் போகணும்னு பாட்டி சொன்னா.”

விஜயம் சீப்பைக் கீழே வைத்தாள். குத்தின ஈரம் காய்வதற்குள் தெருவே தோலைத் தேய்த்து மருந்தைக் குளத்தில் கரைத்துவிட்டு வந்திருக்கிறது. அவள் ஒருத்தி குளிக்கவில்லை. குளிக்க முடியாது. அதனால் பிடித்தது. பகவானும் இல்லை, தீட்டும் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சுசீலாபாய் தலையில் விடியப்போகிறது. குழந்தையோ மருந்தே இல்லாத கையோடு தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறது.

சாயங்காலம் கல்யாணராமன் வந்ததும் சொன்னாள். அவர் கெட்டிக்காரர், பாதி சொல்லும்போதே புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் விழுந்தது.

“இதைப் போய் டாக்டர்கிட்டே எப்படிப் பறயறது? இன்ஸ்பெக்டரோட அம்மாவே தேய்ச்சுக் கழுவினான்னா? அதுக்கு மேலே, உனக்கு எப்படிப் பிடிச்சுதுன்னு கேட்பார். என் ஆம்படையா அன்னிக்குத் தூரம்னு ஆபீசிலே சொல்லச் சொல்றியா?”

“அந்தப் பொண்ணு வேலை போயிடுமே.”

“வேற எங்கேயாவது கிடைக்கும். டாக்டர் கிட்டே சொல்லி ராஜமணிக்கு மட்டும் தனியாக் குத்திடலாம். நீ இதிலே தலையிடாதே.”

அவர் கெட்டவர் இல்லை. மானத்துக்குப் பயந்தவர். மானத்துக்குப் பயந்தவர்களால் விளைகிற அநியாயம் கெட்டவர்களால் விளைகிறதுக்குக் குறைந்தது இல்லை என்று விஜயத்துக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. தெருவில் மற்றக் குழந்தைகளை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லையே என்று கோபமும் வந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் பஜனை மடத்துக்கு வந்தார். மலையாளி; தடித்த கண்ணாடி; நல்லவர், ஆனால் அவசரக்காரர். ஆண்கள் முன்னால் உட்கார, பெண்கள் பின்வாசலில் நெருக்கி நின்றார்கள். சுசீலாபாய் தூண் ஓரம் தனியாக நின்றாள்.

“எந்தா கல்யாணராமன், சொந்தம் தெருவிலே இப்படி?” என்றார் டாக்டர்.

கல்யாணராமன் தரையைப் பார்த்தார். “மருந்து கலக்கினதிலே ஏதோ கோளாறு சார். குத்தினவா…” மீதியை விழுங்கினார்.

டாக்டர் சுசீலாபாய் பக்கம் திரும்பினார். அவள் அழவில்லை. “எனக்க கையில கொறை இல்ல சார். கலக்கின மருந்த நிழல்லதான் வச்சிருந்தேன். ஆனா எதுக்குப் பிடிக்கலன்னு கேட்டா எனக்குத் தெரியாது” என்றாள்.

குளத்தில் தேய்த்த மாமிகள் அத்தனை பேரும் பின்வாசலில்தான் நின்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி ஒரு தெருவே மௌனமாக நின்றதைப் பார்த்ததும் விஜயத்துக்குப் பொறுக்கவில்லை. கால் தானாக நடந்தது. ஆண்கள் நடுவே வழி விட்டார்கள், மரியாதையால் இல்லை, திகைப்பால்.

அவள் ரவிக்கைக் கையை மேலே தள்ளி டாக்டர் முன்னால் தோளைக் காட்டினாள்.

“அதே மருந்து, அதே ஊசி, அதே கை. எனக்குப் பிடிச்சிருக்கு சார்.”

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “பிரமாதம்! பிறகு உங்களுக்கு மட்டும் எப்படி?”

விஜயம் கல்யாணராமனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். சுசீலாபாயைப் பார்த்தாள். கொல்லை அறையில் அவள் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது.

“நான் அன்னிக்குத் தூரம் சார். கொல்லையிலே இருந்தேன். குளிக்கலை. மத்தவா எல்லாரும் குத்தின கையோட குளத்துக்குப் போய், நார் வச்சுத் தேய்ச்சுக் குளிச்சுட்டா. இவ குத்தினதிலே குறையில்லை. நாங்க கழுவினதிலேதான் குறை.”

சபையில், ஆண்கள் முன்னால், அந்த வார்த்தையை ஒரு பெண் சொல்லி அந்தத் தெரு கேட்டதில்லை. தாணு சாஸ்திரிகள் கூரையைப் பார்த்தார். விஜயம் தலை குனியவில்லை.

“யாராக்கும் இவர்?” என்று கேட்டார் டாக்டர்.

கல்யாணராமன் எழுந்து நின்றார். வேர்த்துக் கொட்டியது. “என் ஆம்படையா சார்” என்றார். பிறகு, இன்னும் கொஞ்சம் உரக்க, “அவ சொல்றதுதான் நிஜம். எனக்கு முன்னாடியே தெரியும். நான்தான் மறைச்சேன். அந்தப் பொண்ணு மேலே ஒரு தப்பும் இல்லை.”

அப்போது பின்வாசலிலிருந்து கோமதியம்மாளின் குரல் வந்தது. அதிகாரமெல்லாம் வற்றிப்போன குரல். “ஏண்டி விஜயம், அப்போ ராஜமணி கையிலே இருந்ததை நானா அழிச்சுட்டேன்? நன்மைக்குன்னாக்கும் தேய்ச்சேன்.”

“நன்மைக்குத்தான்மா தேய்ச்சேள். இன்னும் நேரம் இருக்கு. மறுபடி குத்திண்டா போறும்.”

“மறுபடி குத்தினால் மூன்று நாள் அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது” என்றார் டாக்டர் கண்டிப்பாக.

பின்வாசலில் ஒரே கலவரம். மூன்று நாள் தலை முழுகாமல் அடுப்பங்கரையில் எப்படி நுழைவது? மடி என்னாவது? சுவாமிக்கு நைவேத்தியம் யார் பண்ணுவது? தாணு சாஸ்திரிகள்கூடச் சாஸ்திரத்தில் சந்து தேடிக் களைத்துப்போனார்.

கோமதியம்மாள்தான் வழி கண்டாள். “மூணு நாள் குளிக்காம இருக்கறதுக்கு நமக்குத் தெரியாதா? பெண்ணாப் பொறந்த எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தையாக்குமே அது. குத்திண்டு கொல்லையிலே உக்காந்துக்கறேன். எனக்கு அதெல்லாம் நின்னு வருஷம் எத்தனையோ ஆச்சு, சாரமில்லை, போகட்டும். யார் யார் என்னோட வரேள்?”

முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு ஒரு மாமி வந்தாள். பிறகு மற்றவர்கள். சுசீலாபாய் அங்கேயே பையைத் திறந்தாள். பெண்களும் குழந்தைகளும் ஒருவர் பின் ஒருவராகக் கையை நீட்டினார்கள். ராஜமணிக்குக் குத்தினபோது விஜயம் அவளை மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தை அழவில்லை, “இன்னிக்குத் தேய்க்க வேண்டாமோல்லியோ?” என்று மட்டும் கேட்டது.

அந்த மூன்று நாளையும் தெரு அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. தெருவே தூரம். ஒவ்வொரு கொல்லையிலும் பாய் விரித்து, கிழவியும் குமரியுமாகத் தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தார்கள். மடியாகச் சமைக்கக்கூடிய பெண் தெருவில் ஒருத்திதான் மிச்சம். ஏற்கெனவே ஊசி பிடித்த விஜயம்.

அவள் விடியற்காலையில் குளித்துவிட்டு பஜனை மடத்துக்கு வந்தாள். கோட்டையடுப்பு மூட்டி, உற்சவத்துக்கு எடுக்கிற பெரிய உருளியை ஏற்றச் சொன்னாள். ஆண்கள் ஏற்றினார்கள். தண்ணீர் இறைக்கச் சொன்னாள். இறைத்தார்கள். ஹெல்த் இன்ஸ்பெக்டர் கல்யாணராமன் வெள்ளரிக்காயை நறுக்கின நறுக்கலில் ஒரு துண்டு போல இன்னொரு துண்டு இல்லை. தாணு சாஸ்திரிகள் தேங்காய் துருவி விரலையும் கொஞ்சம் துருவிக்கொண்டார். மாதாமாதம் மூன்று நாள் இந்த உலகத்தில் இல்லாதவளாக இருந்த ஒருத்தி, அந்த மூன்று நாளும் தெரு முழுவதற்கும் சோறு போட்டாள். கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது விஜயத்துக்கு ராணி மாதிரி இருந்தது. அதை மறைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்தது ஆண்கள் முறை. அவர்களுக்கு உட்கார ஒரு தூரமும் இல்லாததால், பஸ்ஸை நிறுத்துகிற போலீஸ்காரர் மாதிரி ஒரு கையை மேலே தூக்கிக்கொண்டு குளத்தில் நின்றார்கள்.

ஒரு வாரம் கழித்து சுசீலாபாய் கை பார்க்க வந்தாள். வீட்டுக்கு வீடு வாசலிலேயே கூப்பிட்டுக் காட்டினார்கள். யார் கொப்புளம் பெரிசு என்று மாமிகளுக்குள் போட்டியே நடந்தது. ராஜமணியின் கையில் இருந்தது அம்மாவுடையதுபோலவே நடுவில் குழிந்து அழகாக இருந்தது. விஜயம் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கண் நிறைந்துவிட்டது. காய்கறிக்காரன் தினமும் வந்துபோன அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் வைசூரி நுழையவில்லை.

“மாமியார் எங்க அம்மா?” என்று கேட்டாள் சுசீலாபாய்.

“மடியிலே சமைச்சிண்டிருக்கா. குளிச்சாச்சு. வர நேரமாகும். நான் பார்த்தேன், நன்னாப் பிடிச்சிருக்கு” என்றாள் விஜயம்.

“அப்போ நான் தூர நின்னு பாத்துட்டுப் போறேன் அம்மா.”

அடுப்பங்கரைக் கதவு திறந்தது. கோமதியம்மாள் ஈரத் தலைமுடியும் மடிப்புடவையுமாக, நேராக வாசலுக்கு வந்தாள். இன்னும் ஒரு எட்டு வைத்தால் மேலே பட்டுவிடும். சுசீலாபாய் பழக்கத்தில் பின்னால் நகர்ந்தாள்.

“எங்கேடி போறே?” என்று கோமதியம்மாள் கையை நீட்டினாள். “தூர நின்னா என்ன தெரியும்? நன்னாத் தொட்டுப் பாரு. நான் குளிக்கப் போறதில்லை.”